தப்பு ரயிலில் ஏறிவிட்டால் குதிக்காதீர்கள்

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். மக்கள் வாயில் டி.டி.ஆர். பெரும்பாலும் எழும்பூரிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போகும் இரவு ரயில்களில் வேலை. வேலை முடிந்து ஓய்வறையில் நாலு பேர் உட்கார்ந்தால் அன்றைக்குப் பயணிகள் செய்த வேடிக்கைகள்தான் பேச்சாக இருக்கும். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அதே பேச்சில், ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கப் போய்க் காலை இழந்தவர்களும் வருவார்கள். இரண்டு வகைக் கதைகளையும் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. தப்பு ரயிலில் ஏறியதால் யாருக்கும் உயிர் போனதில்லை. ஏறியது தப்பு ரயில் என்று தெரிந்ததும் பதறிக் குதித்ததில்தான் போயிருக்கிறது. பணம் போனால் போகட்டும், நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று ஒரு நிமிடம் உட்கார முடிந்தால் போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேதியிலிருந்து தொடங்குகிறேன். நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தப்பு அதுதான். காலண்டருக்கு நள்ளிரவு 12 மணிக்கு நாள் மாறுகிறது. நம் வீடுகளிலோ விடிந்தால்தான் அடுத்த நாள். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் தென்மாவட்ட ரயில்கள் பலவும் திருச்சியைத் தொடுவது நள்ளிரவுக்குப் பிறகுதான். திருச்சியில் ஏறுகிறவரின் டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை தேதியும் 00.50 என்ற நேரமும் இருக்கும். வீட்டில் எல்லோரும் ‘ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில்’ என்றே பேசிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு ராத்திரி சாப்பிட்டு, காலைக்கு இட்லி கட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வந்து சேரும்போது அவர்களுடைய ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

அப்படி வந்த ஒரு கல்யாண வீட்டாரை என்னால் மறக்க முடியாது. திருநெல்வேலியில் முகூர்த்தம். சீர்வரிசைத் தட்டுகளோடு ஏறியவர்கள், தங்கள் பெர்த்துகளில் படுத்திருந்தவர்களை எழுப்பிவிட்டார்கள்.

“எங்க இடம் சார் இது.”

“இல்லையே, நாங்க எக்மோர்லேர்ந்தே வர்றோம்.”

இரண்டு தரப்பும் போனை எடுத்துக் காட்டுகிறார்கள். ரயில் எண் ஒன்று, கோச் ஒன்று, பெர்த் எண்களும் ஒன்று. ஒரே இடத்தை ரெண்டு பேருக்கு வித்துட்டாங்க என்று ஒருவர் சத்தம் போட, இன்னொருவர் வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார். மொத்தக் கோச்சும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. நான் போய்த் தேதியை மட்டும் காட்டினேன். பெண்ணின் தாய்மாமன் மூக்குக் கண்ணாடியைப் போட்டு டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “அப்போ நாங்க நேத்தே போயிருக்கணுமா தம்பி?” என்று கேட்டார். சண்டைக்கு வந்தவர்கள் உட்பட எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முந்தின நாள் டிக்கெட் மறுநாள் செல்லாது. பணமும் திரும்ப வராது. அதோடு அப்படியே உட்கார்ந்து பயணம் செய்தால் அது டிக்கெட் இல்லாத பயணம்தான். கட்டணத்தையும், அதற்கு மேல் அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதையும் நாங்கள் வசூலிக்க வேண்டும். திருச்சியில் வண்டி நிற்கும் நேரம் கொஞ்சம் மீதியிருந்தது. கவுன்ட்டருக்கு ஓடி ஜெனரல் டிக்கெட் எடுத்து, முன்பதிவு இல்லாத கோச்சில் ஏறச் சொன்னேன். ஏறிவிட்டார்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரம் 00-வில் தொடங்கி 04-க்குள் இருந்தால், டிக்கெட் தேதிக்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எந்தக் கிழமைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்புகிறோம் என்று வீட்டில் எல்லோரும் கேட்கும்படி ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

முன்பதிவின்போது நடக்கும் மற்ற தப்புகள் இதன் தம்பி தங்கைகள். மாதம் மாறிப் பதிவு செய்வார்கள், 60 நாள் முன்னால்வரை பதிவு செய்யலாம் என்பதால் அடுத்த மாதத் தேதியும் அதே பக்கத்தில் கிடைக்கும். ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் இடம் மாறிவிடும். 12637 எழும்பூரிலிருந்து மதுரைக்கு, 12638 மதுரையிலிருந்து எழும்பூருக்கு. ஒரு எண் தவறினால் திசையே திரும்பிவிடும். அப்புறம் ஊர்ப் பெயர். விருத்தாசலமும் விருதுநகரும் ஒரே பாதையில், ஒரே ரயில் நிற்கும் ஊர்கள். விருத்தாசலம் போகிற பாட்டிக்குப் பேரன் விருதுநகருக்கு எடுத்துக் கொடுத்தால் பணம்தான் நஷ்டம், பாட்டி தன் ஊரில் சரியாக இறங்கிக்கொள்வார். திருப்பி நடந்தால்தான் தொல்லை. விருத்தாசலம்வரைதான் டிக்கெட் என்றால், அதற்கு மேல் அந்தப் பெர்த் வேறொருவருடையது. வேலூருக்குப் போகிறவர்கள் பெரிய ரயில்களில் இறங்க வேண்டியது காட்பாடியில் என்பதையும் வெளியூர்க்காரர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது.

சென்னையில் ஏறும் இடமே குழப்பம். சென்ட்ரலின் குறியீடு எம்.ஏ.எஸ்., எழும்பூரின் குறியீடு எம்.எஸ். ஓர் எழுத்துதான் வித்தியாசம். எழும்பூர் நிலைய மறுசீரமைப்பு வேலைகள் நடக்கும் காலத்தில் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து கிளம்பியதும் உண்டு. ‘நாங்க எப்பவும் எக்மோர்லதான் ஏறுவோம்’ என்ற பழக்கத்தை நம்பி வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். கிளம்பும் நாளில் டிக்கெட்டையும், வந்திருக்கும் குறுஞ்செய்தியையும் ஒரு முறை படித்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

அண்ணன் பெயரில் எடுத்த டிக்கெட்டில் தம்பி வருவதும் அடிக்கடி நடக்கிறது. “ஒரே வீடுதான சார்” என்பார்கள். உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், கணவன் மனைவி ஆகியோருக்கு மாற்றிக்கொள்ள ரயில்வேயிலேயே வழி இருக்கிறது. ரயில் கிளம்ப 24 மணி நேரம் முன்பாக முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல், வண்டியில் அண்ணன் பெயரைத் தன் பெயராகச் சொல்லி, அப்பா பெயர் கேட்டால் திணறி, வேர்த்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பிறர் பெயரில் பயணம் செய்தால் அதுவும் டிக்கெட் இல்லாத கணக்கில்தான் வரும்.

குழந்தைகள் விஷயம் வேறு மாதிரி. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால் தனி பெர்த் இல்லாமல் அரைக்கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து, பெர்த் வேண்டும் என்றால் முழுக்கட்டணம். “நாலு வயசுதான் சார்” என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், “இல்லம்மா, எனக்கு ஏழு, நான் செகண்டு ஸ்டாண்டர்டு” என்று பெருமையாக எழுந்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமைக்காக அந்தக் குழந்தையை அப்புறம் திட்டாதீர்கள். அது உண்மையைத்தான் சொன்னது.

இனி ஏறும் நேரத்துக்கு வருகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது இங்கேதான் தொடங்குகிறது. கோச்சின் பக்கவாட்டில் பெரிதாக ஓர் எண் எழுதியிருக்கும். ஐந்து இலக்கமோ ஆறு இலக்கமோ இருக்கும். அதை ரயில் எண் என்று நினைத்து, தன் டிக்கெட்டோடு ஒப்பிட்டு, “இது நம்ம வண்டி இல்ல” என்று சரியான ரயிலை விட்டவர்கள் உண்டு. அது அந்தப் பெட்டியின் எண். முதல் இரண்டு இலக்கம் பெட்டி செய்யப்பட்ட வருடம். 14 என்றால் 2014-இல் செய்தது. ரயிலின் எண்ணும் ஊர்ப் பெயர்களும் வேறாக, பெயர்ப் பலகையிலோ கதவருகே ஒளிரும் சின்னப் பலகையிலோ இருக்கும். பார்க்க வேண்டியது அதை. தொலைபேசியில் கோச் எழுத்தைச் சொல்லும்போது ‘பி’யும் ‘டி’யும் ஒன்றுபோலக் கேட்கும். பி 1 மூன்றடுக்கு ஏ.சி., டி 1 உட்கார்ந்து போகும் கோச். ரயிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூட்டை முடிச்சோடு ஓட வைத்துவிடும்.

திருநெல்வேலி ரயிலில் ஏற வேண்டிய ஓர் இளைஞர் ஒரு நாள் செங்கோட்டை ரயிலில் ஏறி உட்கார்ந்திருந்தார். அவருடைய வண்டி அன்று தாமதம். வழக்கமாக அது நிற்கும் பிளாட்பாரத்தில் அடுத்த வண்டி நின்றது. பெட்டிகள் ஒரே நிறம், எஸ் 4 இங்கேயும் உண்டு, 23-ஆம் பெர்த்தும் உண்டு. வண்டி நகர்ந்த பிறகுதான் 23-க்கு உரியவர் வந்து நின்றார். இளைஞருக்கு விஷயம் புரிந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்கு ஓடினார். நான் அங்கே நின்றதால் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்க முடிந்தது. “விடுங்க சார், மெதுவாத்தான போவுது” என்று திமிறினார். வண்டி மெதுவாகப் போகிறது என்பது உள்ளே நின்று பார்ப்பவருக்குத் தோன்றுவது. தரையில் கால் வைத்த நொடியில் உடம்பு ஒரு வேகத்தில் இருக்கும், கால் நின்றுவிடும். பிளாட்பாரத்துக்கும் படிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஓர் ஆளை இழுத்துக்கொள்ளப் போதுமானது.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, தாம்பரத்தில் இறங்கச் சொன்னேன். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் மிகப் பல தாம்பரத்தில் நிற்கும். அவர் இறங்கி நின்றார், அவருடைய சொந்த ரயில் பின்னாலேயே வந்தது, அதே எஸ் 4, அதே 23. ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ரயில் தப்பு என்று தெரிந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உட்காருங்கள், எங்களில் ஒருவரைத் தேடுங்கள், அடுத்து எங்கே நிற்கும் என்று கேளுங்கள், அங்கே இறங்குங்கள். கட்டணம் கட்ட வேண்டி வந்தால் கட்டிவிடலாம்.

வழியனுப்ப வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். அம்மாவைக் கைப்பிடித்து உட்கார வைத்து, பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, “போனதும் போன் பண்ணும்மா” என்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அப்புறம் மகன் ஓடிக் குதிப்பான், ஜன்னலில் அம்மா அலறுவார். கிளம்பும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே இறங்கி ஜன்னல் வழியாகப் பேசுங்கள், அன்பு ஒன்றும் குறையாது. மாட்டிக்கொண்டால் அடுத்த நிறுத்தம்வரை அம்மாவோடு பேசிக்கொண்டே போங்கள். அபராதம் கட்டுவது காலை இழப்பதைவிட மலிவு.

வந்தே பாரத் ரயில்களில் குதிக்கவே வழியில்லை, கதவு தானாக மூடிக்கொள்ளும். 2023 ஜனவரியில் ராஜமுந்திரியில் ஒருவர் செல்பி எடுக்க உள்ளே ஏறினார். கதவு மூடியது, வண்டி கிளம்பியது, அடுத்து நின்றது விஜயவாடாவில். சுமார் 150 கி.மீ. போய் இறங்கினார். அந்தச் செய்தியைப் படித்து நாடே சிரித்தது. எனக்கு அதில் பெரிய நிம்மதி, அந்தக் கதவு மட்டும் கையால் திறக்கிற கதவாக இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே நடப்பவற்றில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது ஒரு பெரியவரின் கதை. விழுப்புரம் தாண்டி எல்லோரும் படுத்துவிட்ட நேரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

“சார், என் பெட்டியைக் காணோம். என் சம்சாரத்தையும் காணோம். என் இடத்துல எவனோ படுத்திருக்கான்.”

“எந்தக் கோச்சு ஐயா?”

“எஸ் அஞ்சு. நாப்பத்தொண்ணு.”

நாங்கள் இருவரும் நின்றிருந்தது எஸ் 6-இல். கழிவறைக்குப் போனவர், வெளியே வந்ததும் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல், இணைப்பு வழியாக அடுத்த கோச்சுக்குப் போய்விட்டார். அங்கே 41-இல் படுத்திருந்த பையனின் போர்வையை உருவிவிட்டு, “யார்றா நீ, அவ எங்க?” என்று கேட்டிருக்கிறார். பையன் பயந்து அலறியிருக்கிறான். எஸ் 5-க்குக் கூட்டிக்கொண்டு போனால், அவர் மனைவி எழுந்து உட்கார்ந்து, “இவ்வளவு நேரம் எங்க போனீங்க?” என்று கேட்டார். பெரியவர் பதிலே சொல்லாமல் படுத்துக்கொண்டார். செயினைப் பிடித்து இழுக்கக் கையைத் தூக்கிவிட்டதாகக் காலையில் என்னிடம் சொன்னார். நடு இரவில், ஊரே இல்லாத இடத்தில் வண்டி நின்றிருந்தால் அவர் கீழே இறங்கித் தேடியும் இருப்பார். இரவில் எழுந்து போகும் வயதானவர்களை முடிந்தவரை தனியாக அனுப்பாதீர்கள். அவர்கள் சட்டைப் பையில் கோச், பெர்த் எண்ணை எழுதிய ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிடுங்கள்.

இடம் உயர்த்தப்படுவதாலும் சண்டை வரும். மேல் வகுப்பில் இடம் காலியாக இருந்தால், கூடுதல் கட்டணம் இல்லாமலேயே சிலரை அங்கே மாற்றிவிடும் முறை 2006-லிருந்து இருக்கிறது. ஸ்லீப்பரில் எடுத்தவருக்கு மூன்றடுக்கு ஏ.சி. கிடைத்திருக்கும். அவர் குறுஞ்செய்தியைப் பார்க்காமல் பழைய இடத்தில் உட்கார்ந்திருப்பார். “உங்களுக்கு ஏ.சி.யில் இடம் சார், போங்க” என்றால் நகர மாட்டார். “போனதும் காசு கேப்பீங்க, எனக்குத் தெரியாதா?” என்று கால்மேல் கால் போட்டுக்கொண்ட ஒருவரை நம்ப வைக்க எனக்குச் செங்கல்பட்டு ஆகிவிட்டது. காசு கேட்க மாட்டோம். ஏ.சி. ஒத்துக்கொள்ளாது என்றால், பதிவு செய்யும்போதே இடம் உயர்த்த வேண்டாம் என்று குறிக்க வழி இருக்கிறது. மிடில் பெர்த் சண்டைக்கும் விதி தெளிவாக இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 மணிவரைதான் படுக்கும் நேரம். 2017-க்கு முன் அது 9 மணியிலிருந்து தொடங்கியது, பழைய விதியை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. உடல்நலமில்லாதவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி என்றால் நேரம் பார்க்காமல் விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் அதைச் செய்யலாம்.

பெட்டி மாறுவதை மட்டும் சிரித்துக் கடக்க முடிவதில்லை. கறுப்பு டிராலிப் பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரு முறை மதுரையில் இறங்கியவர் எடுத்துப் போன பெட்டியில் இன்னொருவரின் இன்சுலின் இருந்தது. பெட்டிக்குச் சிவப்புக் கயிறோ பழைய துணியோ கட்டுங்கள், மருந்தை எப்போதும் கைப்பையில் வையுங்கள்.

செயின் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதை இழுத்தால் பிரேக் குழாயில் இருக்கும் காற்றழுத்தம் இறங்கும், வண்டி நிற்கும். எந்தக் கோச்சில் இழுத்தார்கள் என்று ஊழியர்கள் நடந்து வந்து கண்டுபிடித்து, கையால் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கிளம்ப முடியும். அதுவரை பின்னால் வரும் வண்டிகளும் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவில் ஓராண்டுவரை சிறை அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். நான் பார்த்த காரணங்களைச் சொல்கிறேன். பிளாட்பாரத்தில் பிரியாணி வாங்கப் போன கணவர் வரவில்லை. செருப்பு கீழே விழுந்துவிட்டது. மேல் பெர்த்தில் ஏறும்போது பிடித்துக்கொள்ளும் கைப்பிடி என்று நினைத்துத் தொங்கினார் ஒருவர், பாவம், முதல் ரயில் பயணம்.

போன் விழுந்தது என்று இழுப்பவர்கள்தான் அதிகம். வண்டி நிற்பதற்குள் நீங்கள் ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளி வந்திருப்பீர்கள். இருட்டில் தண்டவாளத்தில் திரும்பி நடப்பது சாவைத் தேடிப் போவது. அதற்குப் பதிலாக வெளியே பாருங்கள். மின்கம்பங்களில் 123/14 என்பதுபோல எண் எழுதியிருக்கும், 123-ஆவது கிலோமீட்டர், 14-ஆவது கம்பம். போன் விழுந்ததும் கண்ணில் படும் முதல் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் போனிலிருந்து 139-ஐ அழைத்துச் சொல்லுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினர் போய்த் தேட அந்த எண் பெரிய உதவி. கதவோரம் நின்று போன் பேசுவதை விட்டுவிட்டால் இதற்கே அவசியம் வராது, கம்பால் தட்டிப் போனைப் பறிக்கிறவர்கள் பெரிய நிலையங்களை நெருங்கும் இடங்களில் காத்திருக்கிறார்கள். ஆனால் யாராவது வண்டியிலிருந்து விழுந்துவிட்டால், தீ என்றால், ஒரு நொடியும் யோசிக்காதீர்கள். சட்டத்தை நினைத்துத் தயங்கக் கூடாத நேரம் அது, இழுங்கள்.

தீ என்றதும் சமையலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன் சார்ஜ் செய்யும் பிளக்கில் கெட்டிலைச் செருகிப் பால் காய்ச்சுவது, குட்டி ரைஸ் குக்கரைக் கொண்டுவருவது, தீபாவளிக்குப் பட்டாசைத் துணிகளுக்கு நடுவே மறைத்து எடுத்துப் போவது, எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த பிளக்குகள் அவ்வளவு மின்சாரம் இழுக்கும் பொருள்களுக்காக அமைத்தவை இல்லை. கேட்டால் “வீட்டுல தினமும் செய்றதுதான சார்” என்பார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில், லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாக் கோச்சில், கள்ளத்தனமாக ஏற்றி வந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். வண்டி நின்றுகொண்டிருந்தது. நின்ற வண்டியிலேயே தப்ப முடியவில்லை. அதே மாதம் திருப்பதியிலிருந்து செகந்திராபாத் போன வந்தே பாரத்தில், டிக்கெட் இல்லாத ஒருவர் கழிவறைக்குள் பூட்டிக்கொண்டு புகை பிடித்தார். தீயணைக்கும் கருவி தானாக இயங்கி, கோச் முழுக்கப் புகைபோல் பரவி, பயணிகள் பதறி, வண்டியை நிறுத்தினார்கள். இதைச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். நான் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்கிறேன். பச்சைக் குழந்தைக்குப் பாலோ வெந்நீரோ வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள். உணவுப் பெட்டி இருந்தால் அங்கே கிடைக்கும், இல்லாவிட்டால் அடுத்த பெரிய நிலையத்தில் வாங்கித் தர முயற்சி செய்வோம்.

கடைசியாக இறங்கும் நேரம். சென்னைக்கு வரும் வண்டிகளில் விடியற்காலையில் தாம்பரத்தைத் தூங்கித் தவறவிடுகிறவர்கள் தினமும் உண்டு. அவர்களைவிட எனக்குக் கவலை, ஊர் வந்துவிட்டது என்று நினைத்துச் சீக்கிரம் இறங்குகிறவர்கள்மேல். சிக்னலுக்காக வண்டி நிற்கும். அரைத் தூக்கத்தில் எழுந்து, வெளியே விளக்கு தெரிந்ததும், பெட்டியைக் கீழே போட்டுவிட்டு இறங்குவார்கள். அது பிளாட்பாரம் இல்லை, பக்கத்துத் தண்டவாளம். செங்கல்பட்டு முதல் எழும்பூர்வரை பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் எந்த நிமிடமும் வரும். வண்டி நின்றால் முதலில் பிளாட்பாரத் தரை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள், ஊர்ப் பலகையைப் படியுங்கள், அப்புறம் கதவைத் திறங்கள். போனில் அலாரம் வையுங்கள். இறங்கும் ஊர் நெருங்குவதைச் சொல்லும் எச்சரிக்கை வசதி 139-இலும் இருக்கிறது. படுக்கப் போகும் முன் என்னிடம் சொன்னாலும் முடிந்தவரை எழுப்பிவிடுவேன். தூங்கித் தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் விழித்ததும் என்னிடம் வாருங்கள். எழும்பூர்வரைக்கும் கட்ட வேண்டியதைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, அங்கே இறங்கி, எதிர்ப்பக்க மின்சார ரயிலில் தாம்பரத்துக்குத் திரும்பிவிடலாம்.